சட்டை போடாத குஞ்சையா

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். பிள்ளை தண்ணீரில் பேர் எடுப்பாள் என்று சொன்னேன். அவளைத் தேடி வேற்றூரிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சொன்னேன். நீ சனத்துக்கு நடுவில் சட்டையில்லாமல் நிமிர்ந்து நடப்பாய் என்றும் சொன்னேன். நீ வழக்கம்போல, “உன்ர கதையில பாதியைக் கழிச்சுப்போட்டுத்தான் நான் கேக்கிறது” என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தாய். இப்போது வந்து பார்.

இன்று காலை ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறி, பீலில் இறங்கி, ஏரிக்கரை நீச்சல் திடலுக்குப் போனேன். உன் மகள் நிதுஷா அங்கேதான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறாள். வேலை அவளுக்கு, மேற்பார்வை எனக்கு. கடையில் ஒரு பால்கோப்பி வாங்கிக்கொண்டு, நீயும் நானும் வழக்கமாக இருக்கும் வாங்கில் போய் இருந்தேன். எனக்குக் கை நடுங்குகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். கையில் பிழை இல்லை, அங்கே கொடுக்கும் கிண்ணத்துக்குப் பிடி சரியில்லை. ஒரு துளி கோப்பி வெள்ளைக் கடதாசியில் சிந்தி, மெல்லப் பரவி நின்றது. ஓரம் தெளிவாக, நிறம் எங்கும் ஒரே சீராக, மண்ணிறத்தில் ஒரு மறு. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர்க்கரையில் நீச்சலுடையோடு திரும்பி நின்ற உன் மகளின் முதுகிலும் அதே மறு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, தோளில் ஒன்று. வெயிலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவள் அதை மறைக்க ஒரு துவாயைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்றால், பக்கத்தில் இருந்த சுவிஸ் கிழவி தள்ளி இருந்தாள்.

உனக்கும் எனக்கும் இந்தத் தோல் கதை எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். சுவிஸுக்கு வந்த புதிதில், அகதி முகாமில், ஒரே அறையில். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அதனால் ஆட்களைப் பார்த்தே படித்தவன் நான். ஒருவன் அறைக்கதவுக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றுகிறான், குளித்துவிட்டு வரும்போதே கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு வருகிறான் என்றால், அவனிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு முதல் கிழமையே தெரியும். ஒருநாள் நீ கதவைச் சரியாகச் சாத்தவில்லை. முதுகிலும் நெஞ்சிலும் மெத்தென்ற சின்னச் சின்னக் கட்டிகள். சில கடலை அளவு, சில இலந்தைப்பழ அளவு. இடையிடையே பால்கோப்பி சிந்தியதுபோல மறுக்கள்.

நீ அவசரமாகச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, “கொழுப்புக் கட்டி. ஊரில டொக்டர் சொன்னவர்” என்றாய். உன் உடம்பில் அன்றைக்கு இருந்தது எலும்பும் தோலும்தான். கொழுப்பெல்லாம் என்னிடம் இருந்தது. என்றாலும் நான் “ஓம், கொழுப்புத்தான்” என்று சொன்னேன். நான் வாய்மூடி இருந்த சந்தர்ப்பங்கள் கொஞ்சம், அதில் இது ஒன்று.

பிறகு இரண்டு பேரும் பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தோம். சுவிஸ் நாட்டின் நேரத்தில் பாதி என் கையால் ஓடியது. நீ பக்கத்து மேசையில் சின்னச் சின்னச் சில்லுகளை மினுக்கிக்கொண்டிருந்தாய். ஆடி ஆவணியில் உள்ளே வெக்கை தாங்காது, எல்லாரும் அரைக்கைச் சட்டையோடு நிற்பார்கள், நீ மட்டும் முழுக்கை, மேல்பொத்தான் வரை பூட்டு. இத்தாலிக்காரர்கள் உன்னை ஹெர் டிரெக்டர், அதாவது முதலாளி ஐயா, என்று கூப்பிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவாய்.

கோயிலில் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். நம்முடைய ஆட்கள் ஒரு பழைய பட்டறை மண்டபத்தை எடுத்துக் கோயிலாக்கி, ஊரில் உள்ள முறைப்படியே ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே வரவேண்டும் என்று வைத்தார்கள். அன்றிலிருந்து நீ உள்ளே வரவில்லை. பளபளக்கும் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே கார்களுக்கு இடம் காட்டினாய். மழை, பனி, எதற்கும் அசையாமல் நின்றாய். “இவரைப்போலத் தொண்டு செய்ய ஆர் இருக்கினம்” என்று ஐயரே சனத்துக்கு முன்னால் உன்னைப் புகழ்ந்தார். சாமி உள்ளே, நீ வெளியே, நடுவில் ஒரு சட்டை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நிதுஷா பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டுக்கழிவுக்கு நான் வந்து பிள்ளையைத் தூக்கினேன். முதுகில் மறு, தொடையில் மறு, கழுத்துக்குக் கீழே மறு. பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் மச்ச பலன் என்று ஒரு பகுதி உண்டு, அதில் நான் கரை கண்டவன். உடனே பலன் சொன்னேன். கழுத்துக்குக் கீழே இருப்பதால் ஆட்களை நடத்துவாள். தொடையில் இருப்பதால் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். முதுகில் இருப்பதால் தண்ணீர். பஞ்சாங்கத்தில் தண்ணீரில் கண்டம் என்றுதான் இருந்தது. தண்ணீர் என்பதை நான் சரியாகப் பிடித்தேன், கண்டம் என்பது மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது. இன்று அவள் தண்ணீருக்குள் நின்று பிள்ளைகளை நடத்துகிறாள். ஒரு சாத்திரி இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

ஆனால் உன் மனைவி அன்று சிரிக்கவில்லை. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், கூடப்பிறந்தவளைவிட மேலாகத்தான் பார்த்தேன். அவள் முகம் ஏன் கறுத்திருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். அவள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சூரிய கிரகணம் வந்தது. பட்டப்பகலில் பீல் மங்கிப்போனது, உனக்கும் நினைவிருக்கும். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாச்சி வெளியில் இறங்கக்கூடாது, உடம்பில் சொறியக்கூடாது, சொறிந்தால் அந்த இடத்தில் பிள்ளைக்கு மறு விழும் என்பது நம் ஆட்களின் கணக்கு. தங்கச்சி அப்போது முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் கடதாசிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓட, இவளும் போய் நின்று பார்த்தாள். ஆடிக் கடைசி வெக்கையில் முதுகு கடித்திருக்கும், சொறிந்திருப்பாள். யார்தான் சொறிய மாட்டார்கள்?

இதை அவள் வாய்தவறி ஊரில் இருந்த உன் பெரியக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பெரியக்கா எடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி, மறு மங்கினதோ? இரண்டாவது, உனக்கு ஆர் வெளியில போகச் சொன்னது? பொம்பிளைப் பிள்ளையைக் கெடுத்துப்போட்டாய் என்றுகூடச் சொன்னாள். தங்கச்சி கேட்டுக்கொண்டிருப்பாள். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய், கழுத்துப் பொத்தானைத் தடவியபடி.

மறுக்கள் மங்கவில்லை. பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தன, புதிதாகவும் வந்தன. கைக்குழந்தையாக இருந்தபோதே டொக்டர், இவை கூடினால் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லித்தான் விட்டிருந்தார். ஆனால் தங்கச்சி காய்ச்சல், தடிமன் என்று போனால் உள்பனியனைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டிவிட்டு இழுத்து விடுவாள். தன் குற்றத்தை வேறொருவர் எண்ணிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாலர் வகுப்புக்குப் போகும் முன் வந்த பரிசோதனையில் அது நடக்கவில்லை. அது புதிய டொக்டர், பிரெஞ்சு பேசும் பெண். உங்கள் இருவருக்கும் பிரெஞ்சு போதாது என்று என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனீர்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்பது ஊரறிந்தது. டொக்டர் பனியனை முழுதாகக் கழற்றச் சொன்னார். சிறிய அளவுகோல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு மறுவாக அளந்தார். இவற்றுக்குப் பெயரே பால்கோப்பி மறுதான் என்றார். ஒன்றிரண்டு பலருக்கும் இருக்கும், கவலையில்லை, ஆறும் அதற்கு மேலும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும் என்றார். பிறகு பிள்ளையின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். அங்கே எள்ளுத் தூவியதுபோலப் பொடிப்புள்ளிகள். வெயில் படாத இடத்தில் இப்படிப் புள்ளி வருவதற்கு அநேகமாக ஒரு காரணம்தான் உண்டு என்று சொல்லி, எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார்: வீட்டில் வேறு யாருக்காவது இப்படி மறுக்களோ, மெத்தென்ற சின்னக் கட்டிகளோ இருக்கின்றனவா?

நான் மொழிபெயர்த்தேன். தங்கச்சி உன்னைப் பார்த்தாள். நீ, கார் பார்க்கிங்குக்குப் போட்ட நேரம் முடியப்போகுது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாய்.

ஏன் கேட்கிறார் என்பதையும் டொக்டர் சொன்னார். இது நரம்பில் வரும் ஒரு வருத்தம், தோலில்தான் முதலில் முகம் காட்டும். நியூரோ என்று தொடங்கும் அதன் பெயர் ரயில்போல நீளம், நான் அதை நரம்புக்கட்டி வருத்தம் என்று அந்த இடத்திலேயே தமிழாக்கினேன். இன்றைக்கு பீலில் எல்லாத் தமிழரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லாரும் என்றால் நம் இரண்டு வீடும். பெரும்பாலும் பொல்லாதது இல்லை, தொற்றாது. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பிலும் கட்டி வரலாம், வந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, பார்வை சத்தமில்லாமல் போய்விடும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் இனி யோசிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கே கண் டொக்டருக்கு எழுதிவிடலாம், வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதுதான் அவர் சொன்னது.

தகப்பன் எங்கே போய்விட்டார் என்று அவர் கேட்க, மிக முக்கியமான ஒன்றை எடுத்துவரப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான் கீழே ஓடினேன்.

நீ காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாய். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ போகிறவன்போல, ஆனால் எஞ்சின் ஓடவில்லை. நான் கண்ணாடியில் தட்டினேன். கண் நரம்புக் கதையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்திச் சொன்னேன். நீ கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாய்.

“எனக்கிருக்கிறது கொழுப்புக் கட்டி. அதுக்கும் பிள்ளையின்ர கண்ணுக்கும் என்னடா?”

“ஒண்டுமில்லையெண்டால் காட்டிப்போட்டு வா. கொழுப்புக்கு என்ன வெக்கம்?”

“காட்டினால் பேந்து அது எழுத்தில ஏறும். உன்ர வாயில ஏறும். பொம்பிளைப் பிள்ளையடா. தகப்பனுக்கு வருத்தம், மகளுக்கு வருத்தம் எண்டு நாளைக்கு ஊரெல்லாம் கதைக்கும். ஆர் அவளைக் கட்டுவினம்?”

நான் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் நான் குஞ்சையாவின் கதையை எடுத்தேன்.

எங்கள் தகப்பன், அப்புவின் தம்பி. உடம்பெல்லாம் உன்னைப்போலவே கட்டி, இன்னும் கூட, நெற்றியிலும் ஒன்று. மாட்டுவண்டில் பந்தயச் சவாரிக்காரன். சவாரித் திடலுக்கு வந்தால் முதல் வேலை சட்டையைக் கழற்றி வேலியில் எறிவது. சவாரி இல்லாத நாளிலும் எறிவார். கலியாண வீடு, செத்தவீடு, அரசாங்கக் கச்சேரி, எங்கும் வெறும் மேல். ஒருத்தன் மூக்கைச் சுளித்தால் அவனுக்கு முன்னால் போய் நின்று, “பாக்கிறவனுக்குத்தான் கண் நோகும். எனக்கு நோகாது” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நிற்பார். தொண்ணூறு வயதுவரை இருந்தவர். இரண்டு பெண்சாதி.

நீ அந்த இடத்தில் சிரித்துவிட்டாய். “புளுகாதை மச்சான்” என்றாய்.

“சரி, நீ வழமைபோலப் பாதியைக் கழி. கழிச்சாலும் ஒரு பெண்சாதி மிச்சம்.”

நீ கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாய். பிறகு, அவருடைய பிள்ளைகளுக்கும் இருந்ததா என்று கேட்டாய். சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை, எல்லாரும் கலியாணம் கட்டினார்கள் என்றேன். “ஒருத்தரும் அவரை ஒதுக்கேல்லையோ?” என்று கேட்டாய். சவாரியில் வெல்கிறவனை எவன் ஒதுக்குவான் என்றேன். கதவுப் பூட்டு டக்கென்று திறந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேலே அறைக்குள் போய், நீ கழுத்துப் பொத்தானிலிருந்து தொடங்கினாய். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. சட்டை கழன்றதும் அவர் முகத்தில் பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை, வேலை தெரிந்தவர்களின் முகம். ஒரு கட்டியை விரலால் மெல்ல அமத்தினார். பொத்தான் துளைக்குள் போவதுபோல உள்ளே அமிழ்ந்து, விரலை எடுத்ததும் வெளியே வந்தது. அது காலிங் பெல் அமத்துவதுபோல இருக்கிறது என்று நான் தமிழில் சொல்ல, பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்து, தானும் ஒன்றை அமத்தினாள். உன் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார் டொக்டர். உனக்கும் அங்கே எள்ளுத் தூவி இருந்தது. தங்கச்சி கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அதைக் கண்டதில்லை போலும், எழும்பி வந்து உன் அக்குளையும் பிள்ளையின் அக்குளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீ அவளிடம்தான் சொன்னாய், டொக்டரிடம் இல்லை.

“கிரகணமும் இல்லை, நீ சொறிஞ்சதும் இல்லை. இது என்னட்டையிருந்து வந்தது.”

என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். நான் சொன்னேன். மச்சான், என் மொழிபெயர்ப்புச் சீவியத்தில் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் நான் சொன்னது அதுதான் முதல்தடவை. டொக்டர் தங்கச்சியின் பக்கம் திரும்பி, இது யாரும் செய்ததால் வருவதில்லை, தகப்பனும் வேண்டுமென்று கொடுத்ததில்லை, வித்திலேயே இருப்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஒரு பாதி, வராமல் விட ஒரு பாதி என்று சொன்னார். அதையும் அப்படியே சொன்னேன். தங்கச்சி எப்போதும் டொக்டர் பார்த்து முடிய முன்னமே பனியனைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவாள். அன்று பனியன் கதிரையிலேயே கிடந்தது. பிள்ளை வெறும் மேலோடு அறையெல்லாம் ஓடித் திரிந்தாள், யாரும் தடுக்கவில்லை.

பின்னேரம் நீயே பெரியக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாய். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டாள். மறு மங்காது, அது என்னுடையது, இனி என் மனைவியிடம் கிரகணக் கதை கதைத்தால் நான் தொலைபேசியே எடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்தாய். உன்னிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் அதை முதலே கண்டுபிடித்தவன், உனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

கண் டொக்டர் கருவிக்குள்ளால் பார்த்தார். பிள்ளையின் கருவிழி வளையத்தில் மெல்லிய மண்ணிறப் புள்ளிகள், உன்னுடையதிலும் அதேபோல. அவை கெடுதல் செய்யாது, அடையாளம் மட்டும்தான் என்றார். வருடா வருடம் போனீர்கள். முதல் வருடம் ஒன்றுமில்லை, அடுத்ததும் ஒன்றுமில்லை, பணமும் நாளும் வீண் என்று சொன்னவர்களும் உண்டு. அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய காலத்தில், வலக்கண்ணுக்குப் பின்னால் நரம்பு தடித்திருப்பது தெரிந்தது. குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க மருந்து ஏற்றினார்கள். நீ வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, அவள் கட்டிலில் இருந்து, ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொன்ன கதை என்ன? குஞ்சையாவும் அவருடைய சவாரி மாடுகளும். நான் கார் தரிப்பிடத்தில் சொன்னதைவிட நீ எவ்வளவோ கூட்டிச் சொன்னாய். குஞ்சையாவின் மாட்டுக்கு உடம்பில் மறு இருந்தது என்பதெல்லாம் உன் கைச்சரக்கு. புளுகில் நீ என்னிடம் பழகியவன் என்று எனக்குப் பெருமை.

கட்டி வளர்வது நின்றுவிட்டது. வலக்கண் இன்றும் கொஞ்சம் மங்கல்தான், கண்ணாடி போடுகிறாள். ஆனால் பார்வை தப்பியது. வருடா வருடம் பார்த்ததால்தான் நேரத்துக்குப் பிடிக்க முடிந்தது என்று டொக்டர் சொன்னபோது, நீ உன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றாய்.

அந்த வருடத் திருவிழாவில் மஞ்சள் அங்கியை ஐயரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். உன் நெஞ்சு முழுக்கக் கட்டி, அவள் கையில் அருச்சனைத் தட்டு. சனம் விலகி வழி விட்டது. பயத்தில் விலகினார்களா, மரியாதையில் விலகினார்களா என்று நான் பார்க்கவில்லை, எப்படியோ உனக்கு முன்வரிசை கிடைத்தது. யாரோ ஒருவர் உன் தோளைக் காட்டி, “உதென்ன, தொத்துமோ?” என்று கேட்டார்.

“தொத்தாது. பாக்கிறவனுக்குத்தான் கண் நோகும்” என்று நீ சொல்ல, மகள், “எங்களுக்கு நோகாது” என்று முடித்தாள். அன்று வெளியே கார்கள் கண்டபடி நின்று, ஐயரே பஞ்சகச்சத்தோடு இறங்கிப்போய்க் கத்தவேண்டி வந்தது.

எல்லாம் இலகுவாக இருந்தது என்று நான் எழுதினால் நீ அதிலும் பாதியைக் கழிப்பாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு அவளுக்கு ஏறவில்லை, கவனம் நிற்கவில்லை, அதுவும் இந்த வருத்தத்தோடு வரலாம் என்று சொல்லித் தனியாக ஒரு ரீச்சர் வைத்தார்கள். குமரியானதும் அவளுக்கும் கட்டிகள் எழும்பத் தொடங்கின. ஒரு கோடை முழுக்க அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள், மேல்பொத்தான் வரை. நீ அதைக் கவனித்தாய். அடுத்த ஞாயிறு எங்கள் எல்லாரையும் ஏரிக்குக் கூட்டிவந்தாய். நீச்சல் தெரியாத மனிதன், காற்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, சனம் நிறைந்த கரைக்கு முன்னால் வெறும் மேலோடு நின்றாய். நின்றாய், நின்றாய், உதடு நீலமாகும்வரை நின்றாய். “அப்பா, வெளியில வாங்கோ, குளிருது” என்று அவள் கூப்பிட்டாள். “நீ வந்தால் வாறன்” என்றாய். அவள் சட்டையைக் கழற்றி வாங்கில் எறிந்துவிட்டு வந்தாள். அந்த எறிதலைப் பார்த்ததும் எனக்குக் குஞ்சையாதான் நினைவுக்கு வந்தார்.

பிறகு தண்ணீரை விட்டு அவள் வெளியில் வரவேயில்லை. இங்கே லேர என்று சொல்லும் தொழிற்பயிற்சியை நீச்சல் தடாகத்திலேயே செய்தாள். இந்த வருத்தம் உள்ளவர்களின் கூட்டங்களில் எழும்பி நின்று பேசுகிறாள், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். அவர்களுக்கும் குஞ்சையாவைச் சொல்கிறாளாம். எங்கள் சவாரித் திடலை அவள் பிரெஞ்சில் எப்படிச் சொல்கிறாள் என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

போன பனிக்காலம் நீ போய்விட்டாய். கட்டியால் இல்லை, மாரடைப்பால். அதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைசியாக உன்னை வெள்ளைத் துணியில் கிடத்தியபோது, மேற்சட்டை போடவேண்டாம், வேட்டியும் சால்வையும் போதும் என்று நிதுஷா சொல்லிவிட்டாள். சால்வையையும் அவளே கொஞ்சம் விலக்கி விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் உன்னை உள்ளபடி பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்று காலைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து நிதுஷா ஈரத்தலையோடு என்னிடம் வந்தாள். அவளோடு ஆராவ் நகரிலிருந்து வந்த ஒரு இளம் தமிழ்த் தம்பதி. அவளைக் கூட்டமொன்றில் கண்டவர் யாரோ சொல்லித் தேடிவந்திருக்கிறார்கள். பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை, காலிலும் வயிற்றிலும் பால்கோப்பி மறுக்கள். அந்தப் பெண் மட்டும் கதைத்தாள். டொக்டர் இதைத்தான் சந்தேகிக்கிறார், தாய் தகப்பனின் தோலையும் பார்க்க வேண்டும் என்கிறார், இவர் வர மாட்டேன் என்கிறார் என்றாள். அவன் சற்றுத் தள்ளி நின்றான். கொதிக்கும் வெயிலில், ஏரிக்கரையில், முழுக்கைச் சட்டை. மேல்பொத்தான் பூட்டியிருந்தது.

“எனக்கு ஒண்டுமில்லை அங்கிள். சும்மா கொழுப்புக் கட்டி” என்றான்.

நான் கிண்ணத்தை வாங்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிதுஷா என் தோளில் கைவைத்து, “மாமா, குஞ்சையாவச் சொல்லுங்கோ” என்றாள்.

சொன்னேன். இத்தனை வருடம் சொல்லிச் சொல்லிக் குஞ்சையா நன்றாக வளர்ந்துவிட்டார். இப்போது அவருக்கு மூன்று பெண்சாதி. சவாரி பார்க்கக் கப்பலில் ஆட்கள் வருகிறார்கள். பொடியன் முதலில் நிலத்தைப் பார்த்துக் கேட்டான். சட்டையை வேலியில் எறியும் இடத்தில் என்னைப் பார்த்தான். நீ சிரித்த அதே இடத்தில் அவனும் சிரித்தான். பிறகு கைப்பொத்தானைக் கழற்றி, முழங்கைவரை மடித்துவிட்டான். மணிக்கட்டுக்கு மேலே இலந்தைப்பழ அளவில் ஒன்று. அவ்வளவுதான், முழங்கை மட்டும். ஆனால் உனக்கும் முதலில் ஒரு பொத்தான்தானே. நிதுஷா தன் கையில் இருந்த ஒன்றை அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் மூன்று பேரும் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபின் அவள் என் பக்கத்தில் இருந்து, என் கோப்பியை எடுத்துக் குடித்தாள். “மாமா, எல்லாரும் என்னட்டைக் கேக்கினம். குஞ்சையான்ர பேர் என்ன? நீங்களும் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.”

நான் உன் பேரைச் சொன்னேன்.

“அப்பான்ர பேரோ?”

“ஓம், பிள்ளை. அதே பேர்தான்.”

அவள் அதை நம்பினாளா, பாதியைக் கழித்தாளா தெரியாது. மிச்சக் கோப்பியையும் குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு எழும்பிப் போனாள்.

வரும் வழியில் ரயிலில் ஒன்று யோசித்தேன். எவனைக் கண்டாலும் எந்த ஊர், ஆருடைய மகன், என்ன பேர் என்று கேட்காமல் விடாதவன் நீ. குஞ்சையாவின் பேரை மட்டும் ஒருநாளும் நீ என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் அப்பு தனிப்பிள்ளை, மச்சான். அவருக்குத் தம்பியும் இல்லை, தமையனும் இல்லை. அன்று நீ கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தபோது, கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு இந்தத் தோலோடு வாழ்ந்த ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அவனைக் கொஞ்சம் வயதாக்கி, சட்டையைக் கழற்றி எறிந்து, சவாரி வண்டிலில் ஏற்றிவிட்டேன்.